பிறர் வீட்டைக் காத்தவர்: பதிப்பாளர் பீட்டர் சூர்காம்ப்பின் வாழ்க்கை

ஒரு நூலைக் கையில் எடுத்ததும் நம் கண் முதலில் தேடுவது தலைப்பை. அடுத்து, எழுதியவரின் பெயரை. அட்டையின் அடியில் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும் பதிப்பகத்தின் பெயரை, இடுபணிக்கு மேற்கோள் பட்டியல் தயாரிக்கும் இரவு வரை நம்மில் பலர் கவனிப்பதே இல்லை. ஆனால், அந்தச் சிறிய பெயருக்குப் பின்னாலும் ஒரு வாழ்க்கை இருக்கிறது. சில வேளைகளில் அவ்வாழ்க்கை, நூலில் வரும் கதையைவிடக் கடினமானதாக இருந்துவிடுகிறது.

ஜெர்மனியில் சூர்காம்ப் என்பது அத்தகைய ஒரு பெயர். ஹெர்மன் ஹெஸ்ஸே, பெர்டோல்ட் பிரெக்ட், வால்டர் பெஞ்சமின், அடோர்னோ என இருபதாம் நூற்றாண்டு ஜெர்மானிய இலக்கியத்தையும் சிந்தனையையும் படிக்கும் எவரும் இப்பதிப்பகத்தைக் கடந்தே செல்ல வேண்டும். அதனை 1950-ஆம் ஆண்டில் தொடங்கிய பீட்டர் சூர்காம்ப் அப்போது ஐம்பத்தொன்பது வயதை எட்டியிருந்தார். நுரையீரல் கெட்டு, உடல் தளர்ந்திருந்தது. சொந்தப் பெயரில் ஒரு புதிய பதிப்பகம் தொடங்க வேண்டும் என்ற கனவோடு அவர் வாழ்ந்தவர் அல்லர். அதற்கு முந்திய பதினான்கு ஆண்டுகளும் அவர் வேறொருவரின் வீட்டைக் காத்து வந்தார். அந்த வீட்டைத் திருப்பிக் கொடுத்த நாளில்தான் அவருடைய சொந்த வீடு பிறந்தது. அந்தக் கதையைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

குடியானவரின் மூத்த மகன்

1891-ஆம் ஆண்டு மார்ச் 28-ஆம் நாள், வட ஜெர்மனியில் ஓல்டன்பர்க் நகருக்கு அருகிலுள்ள கிர்ஹாட்டன் எனும் சிற்றூரில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் யோஹான் ஹைன்ரிஹ் சூர்காம்ப். பீட்டர் என்பது பின்னாளில் வந்த பெயர். தந்தை நிலத்தில் உழுதவர். தச்சு வேலையும் தெரிந்தவர். அந்த ஊர் வழக்கப்படி மூத்த மகன் நிலத்தை ஏற்று நடத்த வேண்டும். சூர்காம்ப்போ அதை விட்டு விலகி, ஓல்டன்பர்க்கில் ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்தார். தோட்டப்புறத்திலிருந்தோ சிற்றூரிலிருந்தோ பல்கலைக்கழகத்திற்கு வந்தவர்களுக்கு இந்த முடிவின் கனம் விளக்காமலே புரியும். படிப்புக்காக வீட்டை விட்டுப் புறப்படும் பிள்ளை, வீட்டின் எதிர்பார்ப்பு ஒன்றையும் அங்கேயே விட்டுச் செல்கிறது.

பயிற்சியை முடித்துக் கிராமப் பள்ளியிலும் பின்னர் பிரேமன் நகரிலும் ஆசிரியராகப் பணியாற்றினார். 1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று. தாமே முன்வந்து படையில் சேர்ந்தார். எதிரியின் பதுங்குகுழிகளுக்குள் முதலில் பாயும் தாக்குதல் குழு ஒன்றுக்குத் தலைமை தாங்கினார். வீரத்திற்கான விருதும் பெற்றார். ஆனால், போர் முடியும் தறுவாயில் அவருடைய மனம் உடைந்தது. நரம்புத் தளர்ச்சியால் சிகிச்சை பெற நேர்ந்தது. நெஞ்சில் பதக்கமும் உள்ளே காயமுமாக அவர் போரிலிருந்து திரும்பினார் எனலாம்.

வகுப்பறையும் மேடையும்

போருக்குப் பின் அவர் மீண்டும் மாணவரானார். ஜெர்மானிய இலக்கியம் படித்தார். படிப்புக்கு நடுவிலும் அதன் பின்னும் ஓடன்வால்ட், விக்கர்ஸ்டோர்ஃப் ஆகிய இடங்களில் இயங்கிய புதுமுறைக் கல்விப் பள்ளிகளில் கற்பித்தார். 1921 முதல் 1925 வரை டார்ம்ஸ்டாட் அரசு நாடக அரங்கில் நாடகங்களைத் தேர்ந்தெடுத்து மேடைக்கு ஏற்பச் செப்பனிடும் பொறுப்பை வகித்தார். இளம் நாடகாசிரியராக இருந்த பிரெக்ட்டை அவர் அறிந்துகொண்டது இந்தக் காலத்து ஒட்டிலேதான். அந்நட்பு பிரெக்ட் இறக்கும் வரை நீடித்தது. 'மகாகொனி' இசைநாடகத்துக்கு 1930-இல் வெளிவந்த குறிப்புரையில் பிரெக்ட்டின் பெயரோடு சூர்காம்ப்பின் பெயரும் இணைந்தே அச்சானது. நாடகக் கலையைப் பற்றிப் பிரெக்ட் எழுதியவற்றுள் உலகமெங்கும் நாடக மாணவர்கள் இன்றும் படிக்கும் கட்டுரை அது.

1929-இல் அவர் பெர்லினுக்கு வந்து பத்திரிகைத் துறையில் நுழைந்தார். உழவர் மகன், ஆசிரியர், படைவீரர், நாடகக்காரர், பத்திரிகையாளர் என ஒன்றோடொன்று ஒட்டாதது போலத் தோன்றும் இத்தனை வேடங்களும் பின்னாளில் ஒரே வேலைக்கு உதவின. பிறர் எழுதியதைப் பொறுமையாகப் படித்து, அதில் எது நிலைக்கும் என்று கணிப்பதே அந்த வேலை.

ஃபிஷர் கட்டிய வீடு

சூர்காம்ப் நுழைந்த அந்தப் பெரிய வீட்டைப் பற்றியும் இங்குச் சிறிது சொல்ல வேண்டும். சாமுவேல் ஃபிஷர் 1859-இல், அன்றைய ஹங்கேரிப் பகுதியில் (இன்றைய ஸ்லோவாக்கியா) ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். வியன்னாவில் புத்தகக் கடையில் தொழில் பழகி, பெர்லினுக்கு வந்து 1886-இல் தம் பெயரிலேயே எஸ். ஃபிஷர் பதிப்பகத்தைத் தொடங்கினார். நோர்வே நாடகாசிரியர் இப்சனின் நாடகங்களை ஜெர்மானிய வாசகர்களிடம் கொண்டு சேர்த்தார். பின்னாளில் 'நியூவ ருண்ட்ஷாவ்' எனப் பெயர் பெற்ற இலக்கிய இதழை 1890-இல் தொடங்கினார்.

1900-இல், இருபத்தைந்தே வயதான தாமஸ் மன் என்ற இளைஞர் மிக நீண்ட நாவல் ஒன்றை அவருக்கு அனுப்பினார். அதைப் பாதியாகக் குறைத்துத் தருமாறு ஃபிஷர் கேட்டார். இளைஞர் மறுத்துவிட்டார். ஃபிஷர் அந்த மறுப்பை மதித்து, 1901-இல் முழு நாவலையும் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். அதுவே 'புடன்புரூக்ஸ்'. 1929-இல் தாமஸ் மன்னுக்கு நோபல் பரிசு கிடைக்க அந்நாவலே முதன்மைக் காரணமாக இருந்தது. 1912-இல் நோபல் பரிசு பெற்ற கெர்ஹார்ட் ஹவுப்ட்மனும், 1946-இல் பெற்ற ஹெர்மன் ஹெஸ்ஸேயும் ஃபிஷர் வளர்த்த எழுத்தாளர்களே.

இந்த ஹெஸ்ஸே 1911-ஆம் ஆண்டில் கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இலங்கைக்கும் வந்து போனவர் என்பது நமக்குக் கூடுதல் ஆர்வம் தரும் செய்தி. அப்பயண நூலை ஃபிஷர் 1913-இல் வெளியிட்டார். அவருடைய 'சித்தார்த்தா' 1922-இல் அதே பதிப்பகத்திலிருந்து வந்தது. தமிழில் 'சித்தார்த்தன்' என நாம் படிப்பது அந்த நாவலைத்தான்.

ஃபிஷரின் ஒரே மகன் இளம் வயதிலேயே இறந்துபோனார். எனவே மருத்துவராக இருந்த மருமகன் காட்ஃபிரீட் பெர்மன், குடும்பப் பெயரையும் சேர்த்துக்கொண்டு பெர்மன் ஃபிஷராகி, பதிப்பகப் பொறுப்பை ஏற்றார். 1933-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 'நியூவ ருண்ட்ஷாவ்' இதழுக்கு ஆசிரியராக அழைத்து வரப்பட்டவர் சூர்காம்ப். அவர் வந்து சேர்ந்த சில வாரங்களிலேயே, ஜனவரி 30-ஆம் நாள், ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார்.

நெருப்பும் நெருக்கடியும்

1933 பிப்ரவரி 27-ஆம் நாள் இரவு ஜெர்மானிய நாடாளுமன்றக் கட்டடம் தீப்பற்றி எரிந்தது. மறுநாளே பிரெக்ட் நாட்டை விட்டு வெளியேறினார். அந்தக் கடைசி இரவில் அவருக்கு அடைக்கலம் தந்தவர் சூர்காம்ப். மே 10-ஆம் நாள் பெர்லின் ஓப்பரா சதுக்கத்தில் ஏறத்தாழ இருபதாயிரம் நூல்கள் தீக்கிரையாயின. ஃபிஷர் பதிப்பகம் வெளியிட்ட நூல்களும் அக்குவியலில் கிடந்தன. அந்த நெருப்பை மூட்டும் ஏற்பாடுகளைச் செய்தது மாணவர் சங்கம்; தூக்கி எறிந்தவர்களுள் பெரும்பாலோர் பல்கலைக்கழக மாணவர்கள். நம்மைப் போலவே நூலக அட்டை வைத்திருந்தவர்கள். இந்தச் செய்தியைச் சாதாரணமாகக் கடந்து போக நம்மால் இயலாது.

1934 அக்டோபரில் சாமுவேல் ஃபிஷர் பெர்லினில் காலமானார். யூதர்கள் எந்தப் பண்பாட்டு நிறுவனத்தையும் நடத்தக்கூடாது என்ற ஆட்சியின் பிடி இறுகிக்கொண்டே வந்தது. பதிப்பகம் யூதர் அல்லாதவர் கைக்கு மாற வேண்டும்; இல்லையேல் பறிபோகும். பெர்மன் ஃபிஷர் நீண்ட பேச்சுவார்த்தை நடத்தி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். ஆட்சிக்கு வேண்டாதவர்களான தாமஸ் மன், டோப்லின், ஷ்னிட்ஸ்லர் போன்றோரின் உரிமைகளையும், ஏழு இலட்சத்திற்கும் மேற்பட்ட நூற்பிரதிகளையும் எடுத்துக்கொண்டு அவர் 1936-இல் வியன்னா சென்று புதிய பதிப்பகம் தொடங்கினார். ஜெர்மனியில் எஞ்சிய பகுதி விற்கப்பட வேண்டியதாயிற்று.

வாங்கியவர் சூர்காம்ப். உழவர் வீட்டுப் பிள்ளையிடம் அவ்வளவு பணம் ஏது? ஹம்பர்க் சிகரெட் ஆலை அதிபர் பிலிப் ரீம்ட்ஸ்மா உள்ளிட்ட சிலர் முதலீடு செய்தனர். 1936-ஆம் ஆண்டு முடியும்போது நிறுவனம் சூர்காம்ப்பின் தலைமையின் கீழ் வந்தது.

இந்த இடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அக்காலத்தில் ஜெர்மனி முழுவதும் யூதர்களின் கடைகளும் ஆலைகளும் அடிமாட்டு விலைக்குக் கைமாறின. வாங்கியவர்களுள் பலர் அதனை வாய்ப்பாகவே கருதினர். வெளியிலிருந்து பார்த்தால் ஃபிஷர் பதிப்பகமும் அதே வரிசையில் கைமாறிய மற்றொரு நிறுவனம்தான். சட்டத்தின் கண்ணில் விற்றவர், வாங்கியவர் என இரு தரப்பு மட்டுமே உண்டு. காப்பதற்காக வாங்குகிறேன் என்ற நினைப்பை எந்தப் பத்திரத்திலும் எழுத முடியாது. எழுதியிருந்தால் அந்தப் பத்திரமே இருவரையும் சிறைக்கு அனுப்பியிருக்கும். ஆகவே, ஒரு மனிதரின் மனத்துக்குள் மட்டுமே இருந்த வாக்கை நம்பித்தான் எல்லாம் நடந்தன.

காவல் காத்த ஆண்டுகள்

அடுத்த எட்டு ஆண்டுகள் சூர்காம்ப் செய்த வேலையை வீரச் செயல் என்று ஒரே சொல்லில் புகழ்ந்துவிட முடியாது. தணிக்கை இருந்த நாட்டில் வெளிப்படையாக எதிர்த்த பதிப்பகம் மறுநாள் இருக்காது. இருக்க வேண்டுமானால் வளைந்து கொடுக்க வேண்டும். சூர்காம்ப் வருவதற்கு முன்பிருந்தே அங்கு நூல்களைத் தேர்ந்தெடுத்து வந்த கவிஞர் ஆஸ்கார் லோர்க்கெ, 1933-இல் ஹிட்லருக்கு விசுவாசம் தெரிவிக்கும் எழுத்தாளர் அறிக்கையில் கையொப்பமிட்டிருந்தார். பதிப்பகத்தின் நன்மைக்காகவே அவர் அதைச் செய்தார் என்பர். அந்தக் கையொப்பம் இறக்கும் வரை அவரை வாட்டியது. இதழிலும் காலத்தின் கட்டாயத்துக்கு இடங்கொடுத்த பக்கங்கள் இருந்தன. எங்கு வளையலாம், எங்கு வளைந்தால் முதுகெலும்பே முறிந்துவிடும் என்று ஒவ்வொரு நாளும் முடிவெடுக்கும் வாழ்க்கை அது.

ஹெஸ்ஸே ஜெர்மனியில் சூர்காம்ப்பிடமே இருந்தார். அவருடைய பெரும் படைப்பான 'கண்ணாடி மணி விளையாட்டு' எழுதி முடிக்கப்பட்டபோது அதை வெளியிடச் சூர்காம்ப் முயன்றார். ஆட்சி அனுமதி தரவில்லை. அந்நூல் 1943-இல் சுவிட்சர்லாந்தில் வெளிவந்தது. போர் முடிந்த பின், 1946-இல், சூர்காம்ப் அதனை ஜெர்மனியில் வெளியிட்டார். மூன்றாண்டுகள் தாமதமானாலும் கையெழுத்துப்படியை அவர் மறக்கவில்லை.

1942-இல் ஃபிஷர் என்ற யூதப் பெயர் பதிப்பகத்தின் பெயர்ப்பலகையில் இருக்கக்கூடாது என்ற நெருக்குதல் முற்றியது. பலகையில் சூர்காம்ப்பின் பெயர் ஏறியது. அவர் விரும்பிச் சூட்டிக்கொண்ட பெயரன்று அது. 1943 டிசம்பர் 4-ஆம் நாள் லைப்சிக் நகரின் மீது விழுந்த குண்டுகள், ஜெர்மானியப் பதிப்புத் தொழிலின் இதயமாக விளங்கிய அச்சகங்களையும் கிடங்குகளையும் சாம்பலாக்கின. பத்தாண்டுகளுக்கு முன் மாணவர்கள் எரித்ததைக் காட்டிலும் பல மடங்கு நூல்கள் அந்த ஓர் இரவில் எரிந்தன.

சிறைக் கதவு

அதற்குள் வேறொரு வலையும் விரிக்கப்பட்டிருந்தது. ஆட்சியை எதிர்ப்பவர்களின் நண்பன் போல நடித்த ஒருவன் சூர்காம்ப்பைத் தேடி வந்தான். அவன் கெஸ்டாப்போ எனப்படும் இரகசியக் காவல்துறையின் உளவாளி. அப்படி ஒருவன் வந்து பேசியதைச் சூர்காம்ப் அதிகாரிகளிடம் தெரிவிக்கவில்லை. காட்டிக் கொடுக்காமல் இருந்ததே குற்றமாயிற்று. 1944 ஏப்ரல் 13-ஆம் நாள் தேசத் துரோகக் குற்றச்சாட்டின் பேரில் அவர் கைது செய்யப்பட்டார். ராவன்ஸ்புரூக்கில் அடைத்து வைக்கப்பட்டு, 1945 ஜனவரியில் சாக்சன்ஹவுசன் வதைமுகாமுக்கு மாற்றப்பட்டார். அவர் இல்லாத காலத்தில் எழுத்தாளர் ஹெர்மன் காசாக் பதிப்பகத்தை நடத்தினார். காப்பவரையே காக்க இன்னொருவர் தேவைப்பட்ட காலம் அது.

1945 பிப்ரவரியில் அவர் விடுவிக்கப்பட்டார். நுரையீரல் நோய் முற்றி, பிழைப்பது அரிது என்ற நிலையில் வெளியே வந்தார். உயிர் மீண்டது, உடல்நலம் மீளவில்லை. அதன் பின் வாழ்ந்த பதினான்கு ஆண்டுகளும் மருத்துவமனைக்கும் அலுவலகத்திற்கும் இடையே கழிந்தன.

இடிபாடுகளில் முதல் உரிமம்

போர் முடிந்த பெர்லினில் நூல் அச்சிட நான்கு வெற்றி நாடுகளின் இராணுவ நிர்வாகம் உரிமம் வழங்க வேண்டும். நாஜிகளுடன் கைகோத்தவர்களுக்கு அது கிடையாது. 1945 அக்டோபரில் பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகம் பெர்லினில் தந்த முதல் பதிப்பக உரிமம் சூர்காம்ப்புக்குக் கிடைத்தது. சாக்சன்ஹவுசன் முகாமிலிருந்து வெளிவந்து எட்டு மாதங்களே ஆகியிருந்தன.

காகிதம் இல்லை, மின்சாரம் ஒழுங்காக இல்லை, வாசகர்களுக்கு ரொட்டியே போதவில்லை. அந்நிலையில் அவர் 1946-இல் வெளியிட்ட நூல்களுள் ஒன்று இளைஞர்களுக்கான ஒரு தொகுப்பு நூல். பன்னிரண்டு ஆண்டுகள் ஒரே குரலை மட்டும் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு வேறு குரல்களையும் கேட்கச் செய்ய வேண்டும் என்று அந்தப் பழைய பள்ளி ஆசிரியர் எண்ணினார் போலும்.

திருப்பிக் கொடுத்தல்

இதற்கிடையே பெர்மன் ஃபிஷர் குடும்பம் பட்ட பாடும் கொஞ்சநஞ்சமன்று. 1938-இல் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்ததும் வியன்னாவிலிருந்து ஓடினர். அதே ஆண்டு ஸ்டாக்ஹோமில் மீண்டும் பதிப்பகம் தொடங்கினர். 1940-இல் அங்கிருந்தும் வெளியேறி அமெரிக்கா சென்றனர். ஜெர்மனிக்குள் வெளியிட முடியாத தாமஸ் மன்னின் நூல்களை ஜெர்மானிய மொழியிலேயே அவர்கள் வெளிநாடுகளில் அச்சிட்டுக்கொண்டிருந்தனர். ஒரே வீட்டின் இரு பாதிகள், ஒன்று உள்ளேயும் ஒன்று வெளியேயுமாக உயிரோடிருந்தன.

போருக்குப் பின் இரு பாதிகளும் ஒன்றுசேரும் என்றே எல்லாரும் எதிர்பார்த்தனர். தொடக்கத்தில் ஒத்துழைத்தும் பார்த்தனர். ஆனால், ஒரே உண்மையை இருவரும் இரு வேறு கரைகளில் நின்று பார்த்தனர். பெர்மன் ஃபிஷருக்கு இது தம் மாமனார் கட்டிய சொத்து. மிரட்டலால் கைவிட்டுப் போனது. மீண்டும் முழுமையாகக் கைக்கு வர வேண்டியது. சூர்காம்ப்புக்கோ இது தாம் சிறை சென்று காத்த வீடு. எழுத்தாளர்களும் ஊழியர்களும் சேர்ந்து வாழும் இடம். ஒப்படைத்த பின்னும் அதன் போக்கில் தமக்கு ஒரு பங்கு இருக்க வேண்டியது. நாடிழந்தவரும் நலமிழந்தவரும் எதிரெதிரே அமர்ந்தபோது, யாருடைய இழப்பு பெரிது என்று அளக்க யாரிடமும் தராசு இல்லை. விவகாரம் வழக்குரைஞர்களிடம் சென்றது.

1950 ஏப்ரலில் சமரச உடன்பாடு ஏற்பட்டது. பதிப்பகமும் எஸ். ஃபிஷர் என்ற பெயரும் ஃபிஷர் குடும்பத்துக்குத் திரும்பும். ஆனால், நாஜி ஆட்சிக் காலம் முதல் சூர்காம்ப்பின் பொறுப்பில் இருந்த எழுத்தாளர்கள், தாங்கள் எவரோடு இருக்க விரும்புகிறார்கள் என்று தாங்களே தேர்ந்தெடுக்கலாம். எழுத்தாளர் நாற்பத்தெட்டுப் பேர். அவர்களுள் முப்பத்து மூவர் சூர்காம்ப்பைத் தேர்ந்தெடுத்தனர். ஹெஸ்ஸே அவர்களுள் ஒருவர், பிரெக்ட் இன்னொருவர். தாமஸ் மன் ஃபிஷரோடு இருந்தார்.

இந்த எண்ணிக்கையை வெற்றி தோல்விக் கணக்காகப் பார்க்க வேண்டியதில்லை. ஃபிஷர் பதிப்பகமும் அதன் பின் சிறப்பாகவே வளர்ந்தது. இங்கு நினைவில் கொள்ள வேண்டியது வேறு. கட்டடம், பெயர், இருப்பு என எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு வெளியே வந்த மனிதரிடம் எஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று: அவரை நம்பிய மனிதர்கள். அந்த ஒன்றை எந்த உடன்பாட்டாலும் எழுதிக் கொடுக்கவோ வாங்கவோ முடியவில்லை.

கடைசி ஒன்பது ஆண்டுகள்

நோயாளியான சூர்காம்ப்பைப் புதிய பதிப்பகம் தொடங்கும்படி தூண்டியவர் ஹெஸ்ஸே. சுவிட்சர்லாந்தின் விந்தர்தூர் நகரைச் சேர்ந்த தம் நண்பர்களான ரைன்ஹார்ட் குடும்பத்தாரிடம் பேசி முதலுக்கும் வழி செய்தார். 1950 ஜூலை முதல் நாள் சூர்காம்ப் பதிப்பகம் பிறந்தது. பிராங்க்ஃபர்ட் அதன் ஊராயிற்று.

முதல் ஆண்டின் பட்டியலே அவர் யார் என்று சொல்லிவிடும். சுவிட்சர்லாந்தின் இளைய எழுத்தாளர் மாக்ஸ் ஃபிரிஷ்ஷின் நாட்குறிப்பு அதில் இருந்தது. வால்டர் பெஞ்சமினின் பெர்லின் சிறுபருவ நினைவுகளும் இருந்தன. நாஜிகளிடமிருந்து தப்பி ஓடும் வழியில், 1940-இல் ஸ்பெயின் எல்லையில் உயிரை மாய்த்துக்கொண்ட பெஞ்சமினை அன்று அறிந்தவர்கள் சிலரே. 1955-இல் அவருடைய எழுத்துகளை இரு தொகுதிகளாகவும் சூர்காம்ப் வெளியிட்டார். இன்று நம் பல்கலைக்கழகங்களிலும் ஊடகவியல், இலக்கியத் திறனாய்வு வகுப்புகளில் பெஞ்சமினின் பெயர் ஒலிக்கிறதென்றால், அதற்கு அவ்வெளியீடும் ஒரு முக்கியக் காரணம். 1951-இல் அடோர்னோவின் 'மினிமா மொராலியா' வந்தது. அதே ஆண்டில், நவீன இலக்கியத்தின் சிறந்த நூல்களை ஒரே அமைப்பில் தரும் 'பிப்லியோதேக் சூர்காம்ப்' வரிசை தொடங்கியது. அதன் முதல் நூல் ஹெஸ்ஸேயின் 'கீழ்த்திசைப் பயணம்'. பிரெஞ்சு எழுத்தாளர் புரூஸ்டின் பெருநாவல் முழுவதையும் ஜெர்மானிய மொழியில் கொண்டு வரும் பணியும் அவர் காலத்தில் நிறைவேறியது.

தமக்குப் பின் யார் என்ற கேள்வியையும் அவர் தள்ளிப் போடவில்லை. ஹெஸ்ஸேயைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்த சிக்ஃபிரீட் உன்செல்ட் என்ற இளைஞர் 1952 ஜனவரியில் பணியில் சேர்ந்தார். அவரைப் படிப்படியாகப் பழக்கிப் பங்காளியாக்கினார். 1959 மார்ச் 31-ஆம் நாள், அறுபத்தெட்டாம் பிறந்தநாளுக்கு மூன்று நாள் கழித்து, சூர்காம்ப் பிராங்க்ஃபர்ட்டில் காலமானார். மறுநாளிலிருந்து உன்செல்ட் பொறுப்பேற்றார். அவர் 2002-இல் மறையும் வரை, நாற்பத்து மூன்று ஆண்டுகள், பதிப்பகம் அவர் கையில் வளர்ந்தது. 1963-இல் வானவில் நிறங்களில் அட்டையிட்டு அவர் தொடங்கிய மலிவு விலை வரிசை, ஜெர்மானிய மாணவர்களின் பைகளில் இடம்பிடித்தது.

உன்செல்ட் மறைந்த பின் பங்குதாரர்களிடையே மூண்ட சண்டை நீதிமன்றம் வரை போனது. பதிப்பகம் 2010-இல் பெர்லினுக்கு இடம் மாறியது. 2013-இல் நொடிப்புச் சட்டத்தின் பாதுகாப்பைக் கோரியது. 2015-இல் பங்கு நிறுவனமாக உருமாறி மீண்டது. பதிப்பகம் யாருக்குச் சொந்தம் என்ற 1950-ஆம் ஆண்டுக் கேள்வி, அறுபது ஆண்டுகள் கழித்து அதே வாசலில் மறுபடியும் வந்து நின்றது.

நமக்கு என்ன?

சூர்காம்ப் பெரிய எழுத்தாளர் அல்லர். அவர் எழுதிய பக்கங்கள் குறைவு. அவர் குறையற்றவரும் அல்லர். கொடுங்கோல் ஆட்சியின் கீழ் பதிப்பகம் நடத்திய எவரும் கறைபடாமல் வெளிவந்திருக்க முடியாது. தேசிய இடைநிலைப்பள்ளி வரலாற்றுப் பாடத்தில் ஹிட்லரின் போரைப் பற்றிப் படித்தபோது, என் மனத்தில் பதிந்தவர்கள் இரு வகை மனிதர்கள்தாம்: அடித்தவர்கள், அடிபட்டவர்கள். இடையில் நின்று, ஒரு கையால் வணக்கம் வைத்து மறு கையால் விளக்கை மறைத்துக் காத்தவர்களும் இருந்திருக்கிறார்கள் என்பதைச் சூர்காம்ப்பின் வாழ்க்கை எனக்குக் காட்டியது. அவர்களை அளப்பது எளிதன்று. அவர்கள் எதை வைத்திருந்தார்கள் என்பதைவிட, கேட்கப்பட்ட நாளில் எதைக் கொடுத்தார்கள் என்பதே பொருத்தமான அளவுகோலாக எனக்குப் படுகிறது.

பல்கலைக்கழகத் தமிழ்க் கழகங்களும் ஒரு வகையில் பிறர் கட்டிய வீடுகளே. செயலவை ஆண்டுதோறும் மாறுகிறது. நமக்கு முன் படித்தவர்கள் சேர்த்து வைத்த நூல்கள், கணக்குப் புத்தகங்கள், பழைய ஆண்டிதழ்கள் நம்மிடம் வருகின்றன. பட்டம் பெற்றுப் போகும்போது அடுத்தவரிடம் போகின்றன. பொறுப்பில் இருக்கும் ஓராண்டில் அது நம் கழகம் என்ற உணர்வு வருவது இயல்பு. அந்த உணர்வு இல்லாமல் உழைக்கவும் முடியாது. ஆனால், ஒப்படைக்கும் நாள் வரும்போது சாவியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களையும் நாம் பார்க்கிறோம். சாவியை வீசிவிட்டுப் போகிறவர்களையும் பார்க்கிறோம்.

சூர்காம்ப் இரண்டையும் செய்யவில்லை. வலியோடுதான் கொடுத்தார், ஆனால் கொடுத்தார். கொடுத்துவிட்டு மூலையில் உட்காராமல், ஐம்பத்தொன்பது வயதில், ஒரு நுரையீரல் நோயாளியாக, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். அடுத்த முறை ஒரு நூலை எடுக்கும்போது அட்டையின் அடியிலுள்ள அந்தச் சிறிய பெயரையும் படியுங்கள். அந்நூல் நம் கைக்கு வந்து சேருவதற்காக யாரோ ஒருவர் எதையோ காத்திருக்கக்கூடும்.